வெளியூர்ச் சாப்பாடும் நம் ஊர் மளிகையும்

கொள்முதலுக்காக வெளியூர் போகும் நம் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ரயில் ஏறும்போதே இரண்டு வேளைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்வோம். அது தீர்ந்ததும் போன ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். மும்பை போனால் மாதுங்காவைத் தேடுவோம். விசாகப்பட்டினம் போனால் இட்லிக் கடையைத் தேடுவோம். வயிற்றைப் பற்றிய பயம் பாதி, பழக்கம் பாதி. குறையாகச் சொல்லவில்லை, நாமும் 30 வருடமாக அப்படிப் போய் வந்தவர்கள்தான். ஆனால் சென்ற தை மாதம் கோழிக்கோடு போய் வந்த பிறகு, இந்தப் பழக்கத்தால் வியாபாரத்துக்கே நஷ்டம் என்று நமக்குத் தோன்றுகிறது.

எட்டுப் பேராகப் போனோம். கொப்பரை, மிளகு, ஏலக்காய் விஷயமாக வலியங்காடியில் சில கடைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வலியங்காடி என்றால் பெரிய அங்காடி. நம் பக்கத்து மண்டித் தெருக்களைப் போலவே குறுகலான தெரு. இரண்டு பக்கமும் அரிசி, பருப்பு, கொப்பரை, மசாலாச் சாமான் கிட்டங்கிகள். நடுவில் லாரிகள், சுமை தூக்கும் தொழிலாளர்கள். அரபு நாட்டுக் கப்பல்கள் மிளகுக்காக வந்து போன துறை அது. 1498-ல் வாஸ்கோட காமா வந்து இறங்கிய காப்பாடு பக்கத்தில்தான் இருக்கிறது. கொப்பரையும் மசாலாவும் வாங்க வந்த குஜராத்தி வியாபாரிகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. இவ்வளவு பழைய வியாபார ஊருக்குப் போய், முதல் நாள் இரவு நாம் செய்த காரியம் என்ன தெரியுமா? லாட்ஜ் வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம், "தமிழ்ச் சாப்பாடு எங்கே?" என்று கேட்டோம்.

அவரும் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கொண்டு போய் விட்டார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பத்துப் பக்க மெனு. சாம்பார் என்று வந்தது இனிப்பு. ரசம் ஆறிப் போயிருந்தது. தோசையைத் தொட்டால் ரப்பர். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் போட்டிருந்தார்கள். நம்மில் ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருப்பதை நாம்தான் எடுத்துச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தோம். இதில் குற்றம் அந்த ஓட்டல்காரருடையது மட்டுமல்ல. அவருக்குத் தெரியாத சமையலை அவரிடம் கேட்டது நாம். துணிக்கடையில் போய் உளுந்து கேட்டால் என்ன கிடைக்கும்?

மறுநாள் காலையிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்திலேயே சாப்பிடுவது என்று முடிவாயிற்று. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் சுத்த சைவம். அவருக்குக் கஷ்டமாகப் போய்விடுமோ என்று நினைத்தோம். அவர் புட்டும் கடலைக் கறியும், ஆப்பமும் காய்கறி இஷ்டுவும், மாலையில் நேந்திரம் பழம்பொரியும் சாப்பிட்டு, எல்லோரையும்விடத் தெம்பாக ஊர் திரும்பினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

வலியங்காடியை ஒட்டி ஒரு சின்ன ஓட்டல். நாலு மேஜை, எட்டு பெஞ்சு. வியாபாரிகளும் சுமைத் தொழிலாளர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்ததும் ஒரு தம்ளரில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சில கடைகளில் கருங்காலி, சில கடைகளில் சீரகம். காசு கிடையாது. வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். ஓட்டலில் இலவசமாகக் கொடுக்கும் இந்தத் தண்ணீர், மளிகைக் கடையில் சரக்காக விற்பனை ஆகிறது. தாகசமனி என்று பெயர் போட்டு, சுக்கு, ஏலக்காய், பதிமுகம், ராமிச்சம் என்று வகை வகையாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கடையில்கூட அது தொங்குகிறது. ஓட்டலில் குடித்துப் பழகிய வாய், வீட்டுக்கும் வாங்குகிறது. பதிமுகம் நம் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கத்தான் இருக்கிறது. கஷாயச் சாமானோடு கடைசித் தட்டில் கிடக்கிறது.

அரிசியிலும் இதே கதைதான். கோழிக்கோட்டுப் பிரியாணிக்குப் பாசுமதி போடுவதில்லை. கைமா என்கிற பொடி அரிசி. நம் சீரகச் சம்பாவுக்குத் தம்பி முறை என்று சொல்லலாம். வயநாட்டு ஜீரகசாலை, கந்தகசாலை அரிசிகளுக்குத் தனிப் பெயர் உண்டு, புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் விளைச்சல் குறைவு. ஆகவே மூட்டை மூட்டையாக வருவது மேற்கு வங்காளத்து வர்த்தமான் பக்கத்திலிருந்து. அங்கே அதற்குக் கோவிந்தபோக் என்று பெயர். சாமிக்குப் பாயசம் வைக்கிற அரிசி. கிருஷ்ணனுக்கு நைவேத்தியமாகும் அரிசி இங்கே வந்து ஆட்டுக்கறியோடு தம் பிடிக்கிறது. வியாபாரம் என்பது இப்படித்தான் ஊரையும் சாமியையும் இணைக்கிறது.

அந்த ஓட்டல் முதலாளிக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். நம் வழக்கப்படி "பாய்" என்று கூப்பிட்டோம். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துக்கொண்டே, இங்கே "இக்கா" என்று கூப்பிட வேண்டும் என்றார். அவர் எங்களைத் திருப்பி "அண்ணாச்சி" என்றார். "அண்ணாச்சி, புது அரிசி போட்டால் குழைந்துவிடும். பழசுதான் வேண்டும். எனக்கு எது வேண்டும் என்று என் கடைக்காரருக்குத் தெரியும். மூட்டை மாறினால் அவரே ஆளனுப்பிச் சொல்லிவிடுவார்" என்று அரைத் தமிழில் சொன்னார். 22 வருடமாக ஒரே கடையில் சரக்கு எடுக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கணக்குத் தீர்ப்பது. ஞாயிறு முதல் புதுக் கணக்கு. கடன் பேரேடு ஏழு நாளைத் தாண்டுவதில்லை. மழைக்காலத்தில் வியாபாரம் படுத்தால் பாதியாவது கொடுத்துவிட்டு, மீதிக்கு ஒரு வாரம் தவணை. அவ்வளவுதான் ஒப்பந்தம், எழுத்தில் எதுவும் இல்லை.

இதைக் கேட்டபோது எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் பேசவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

மத்தியானம் அங்கேயே பிரியாணி. மேலே வறுத்த வெங்காயம், முந்திரி, திராட்சை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், அப்பளம், பேரீச்சம்பழ ஊறுகாய். காரம் குறைவு, நமக்கு முதல் கவளத்தில் சப்பென்றுதான் இருந்தது. நாலாவது கவளத்தில் நெய்யும் அரிசியும் பேச ஆரம்பித்தன. முடித்ததும் பால் இல்லாத தேநீரில் எலுமிச்சை பிழிந்து சுலைமானி. பேரீச்சம்பழத்தில் ஊறுகாய் போடலாம் என்பதே நம் உறுப்பினர்கள் இருவருக்குப் புதுச் செய்தி. நம் கடைகளில் ரம்ஜான் முடிந்ததும் மிஞ்சுகிற பேரீச்சம்பழத்தை என்ன செய்வது என்று வருடா வருடம் தவிக்கிறோம் அல்லவா?

அடுத்த நாள் கண்ணூர் ரோட்டில் பாலத்தடியில் இருக்கும் பாரகன் ஓட்டலுக்கும் போனோம். 1939-ல் ரொட்டிக் கடையாக ஆரம்பித்தது. 2023-ல் டேஸ்ட் அட்லஸ் என்கிற உணவு வழிகாட்டி வெளியிட்ட உலகப் புகழ் பெற்ற ஓட்டல்களின் பட்டியலில் இடம் பெற்றது. கூட்டம் சொல்லி முடியாது. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீனும் ஆப்பமும் நன்றாகவே இருந்தன. இருந்தாலும் நம் அபிப்பிராயத்தில், ஒரு வியாபாரி பெரிய ஓட்டலில் ருசியைப் பார்க்கலாம், சின்ன ஓட்டலில்தான் கணக்கைப் பார்க்கலாம்.

கணக்கு என்றதும் தேங்காய் எண்ணெய் ஞாபகம் வருகிறது. 2025-ன் நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது நமக்கெல்லாம் தெரியும். காங்கேயத்துக் கொப்பரைக் களங்களில் அதைக் கொண்டாடியவர்களும் உண்டு. அந்தச் சமயத்தில் என்ன செய்தீர்கள் என்று இக்காவிடம் கேட்டோம். மீன் வறுவலுக்குப் பாமாயில் மாற்றிப் பார்த்தாராம். மூன்றாம் நாள் ஒரு சுமைத் தொழிலாளி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இக்கா, விலையைக் கூட்டு, எண்ணெயை மாற்றாதே" என்றாராம். பத்து ரூபாய் கூட்டினார், பழைய எண்ணெய்க்கே திரும்பினார். அந்த எண்ணெயில் எத்தனை பங்கு நம் பக்கத்துக் கொப்பரை என்று யோசித்துப் பாருங்கள். அவர் தட்டில் இருந்த முட்டை நாமக்கல் முட்டை. காய்கறி பெரும்பாலும் ஒட்டன்சத்திரத்து லாரியில் வந்தது. கோழியும் பல்லடம் பக்கத்துக் கோழியாகவே இருக்கலாம். அரைத் தட்டு நம்முடையதாக இருக்கும் ஊரில், அந்தத் தட்டைத் தொடாமல் புளியோதரை மூட்டையைப் பிரித்துக்கொண்டு இதுவரை உட்கார்ந்திருக்கிறோம்.

மிட்டாய்த் தெருவைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான், இடம் போதாது. அல்வாவைத் துண்டம் துண்டமாக வெட்டி அடுக்கி வைத்திருக்கும் அழகைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் என்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் கிண்டுகிற அல்வா. நம் திருநெல்வேலி அல்வாவோடு போட்டி போட முடியாது என்பது நம் கட்சி, ஆனால் ஒரு வாரம் கெடாமல் பயணம் தாங்குகிறது. நேந்திரம் சிப்ஸைக் கண் முன்னாலேயே பொரித்து எடுத்துத் தருகிறார்கள். விற்கிறவன் பொரிப்பதைப் பார்க்கிறவன் விலை பேசுவதில்லை.

கடற்கரையில் ஒரு விஷயம் மனதை உறுத்தியது. நெல்லி, மாங்காய், அன்னாசி, காரட் எல்லாவற்றையும் உப்பு நீரில் ஊற வைத்துக் கண்ணாடி ஜாடிகளில் விற்கிறார்கள். வாயில் எச்சில் ஊறும். 2022 பிப்ரவரியில் இங்கே ஒரு கடையில் வெளியூரிலிருந்து சுற்றுலா வந்த மாணவன் ஒருவன், தண்ணீர் என்று நினைத்து பாட்டிலில் இருந்த அமிலத்தைக் குடித்து வாய் வெந்து போனான். மாநகராட்சி அந்த வியாபாரத்தையே சில காலம் நிறுத்தி வைத்தது. எல்லாக் கடைக்காரர்களுக்கும் பிழைப்பு போயிற்று. வினிகருக்குப் பதிலாகக் கலக்குகிற கெட்டியான அசெட்டிக் அமிலம், லேபிள் இல்லாத பாட்டிலில் கடற்கரைக்கு எப்படி வந்திருக்கும்? எங்கோ ஒரு கடையிலிருந்துதான் வந்திருக்கும். வாங்கியவன் பெயர் பத்திரிகையில் வந்தது. விற்றவன் பெயர் வரவில்லை. நம் கடைகளில் சோடா உப்பும் சாயப்பொடியும் எலுமிச்சை உப்பும் சில்லறையாக மடித்துக் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி உள்ளே போடுகிறோமா? அதே வருடம் மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். 2023-ல் பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் தடை செய்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஒரு வருடத் தடை போட்டது. ஓட்டல் கெட்டுப் போனால் மளிகை தப்பித்துக்கொள்ளும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது நாங்கள் எட்டுப் பேரும் பேசாமல் இருந்த காரணத்துக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் நம் ஊரில் ஓர் ஓட்டல் மூடப்பட்டது. முதலாளி நம் உறுப்பினர்கள் ஒன்பது பேரிடம் பாக்கி வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்தக் கோபத்தில் பொதுக்குழு கூடி, இனி ஓட்டல், மெஸ், டீக்கடை எதற்கும் கடன் கிடையாது, ரொக்கம் கொடுத்தால் சரக்கு என்று தீர்மானம் போட்டது. அதற்குக் கை தூக்கியவர்களில் நாமும் உண்டு. எங்கள் பேரேட்டிலும் அந்த ஆசாமியின் பக்கம் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? ஏமாற்றியவர் போய்விட்டார், தண்டனை ஏமாற்றாதவர்களுக்கு விழுந்தது. தினம் விற்று தினம் சாப்பிடுகிற மெஸ்காரர் காலையில் ரொக்கத்துக்கு எங்கே போவார்? ஒருவர் பெரிய மொத்த விற்பனை அங்காடிக்குப் போனார். இன்னொருவர் கைப்பேசியில் சரக்குப் போட ஆரம்பித்தார். அங்கே அவருக்கு 14 நாள் தவணை கொடுக்கிறார்களாம். கடன் கூடாது என்று நாம் தள்ளியவர்களைக் கடன் கொடுத்தே அவர்கள் இழுத்துக்கொண்டார்கள். அந்தச் சரக்கில் எது மலிவோ அதுதான் வருகிறது. நம் ஊரில் சீரகச் சம்பாப் பிரியாணி போட்டுக்கொண்டிருந்த இரண்டு கடைகள் இப்போது ஏதோ ஒரு நீள அரிசி போடுகின்றன. ஓட்டலில் சீரகச் சம்பா நின்றது. ஆறு மாதத்தில் வீட்டுக்குக் கேட்டு வருகிறவர்களும் நின்றார்கள். நம் கடையில் வாரம் இரண்டு மூட்டை போன அரிசி இப்போது மாதம் ஒரு மூட்டை போனால் அதிகம்.

வரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டல்காரர் 2017 நவம்பரிலிருந்து 5 சதவீதம் வரி வாங்குகிறார். தான் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம் உண்டு. சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் கிடையாது. அதனால்தான் ஆலைக்காரர்கள் 26 கிலோ, 30 கிலோ மூட்டை போடுகிறார்கள். சின்ன ஓட்டலுக்குச் சாக்கைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிற நம் கடைதான் இன்றைக்கும் லாபம். இதை அவர்களுக்கு உட்கார வைத்துச் சொன்னவர் நம்மில் யார்?

சில அன்பர்கள் சொல்வார்கள்: "கோழிக்கோட்டுக்காரன் நாணயம் வேறு, நம் ஊர்க்காரன் நாணயம் வேறு." நமக்கு அது சம்மதமில்லை. ஏழு நாள் கணக்கு நாணயத்தைச் சோதிக்காமலே காப்பாற்றுகிறது. ஓடிப்போனவரின் பாக்கி ஒன்பது கடையிலும் நாலு மாதம், ஐந்து மாதம் ஏறியிருந்தது. சனிக்கிழமை தோறும் கேட்டிருந்தால் மூன்றாம் வாரமே தெரிந்திருக்கும். கேட்கக் கூச்சப்பட்டோம், பிறகு ஊருக்கெல்லாம் கதவைச் சாத்தினோம்.

கோழிக்கோட்டில் ஓட்டல்காரர்கள் சங்கம் செய்த இன்னொரு காரியமும் உண்டு. 2015-ல் மாவட்ட நிர்வாகமும் அவர்களும் சேர்ந்து ஆபரேஷன் சுலைமானி என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பசித்தவருக்கு ஒரு கூப்பன். அதைத் திட்டத்தில் சேர்ந்த எந்த ஓட்டலில் கொடுத்தாலும் சாப்பாடு. செலவுக்கு ஓட்டல்களில் வைத்த உண்டியலில் ஊரார் போட்ட காசு. வாங்குகிறவர் யார் என்று பக்கத்து இலைக்காரருக்குத் தெரியாது. நம் சங்கம் வருடா வருடம் அன்னதானம் என்று ஒரு நாள் பந்தல் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பணத்துக்குக் கூப்பன் அடித்து, நம் ஊர் மெஸ்களிலேயே கொடுத்தால், பசித்தவருக்கும் ஆயிற்று, மெஸ்காரருக்கும் ஆயிற்று, அவருக்குச் சரக்குக் கொடுக்கிற நமக்கும் ஆயிற்று. செயற்குழு யோசிக்கட்டும்.

திரும்பும்போது இக்காவின் கடைக்காரரிடமே 30 கிலோ மூட்டை ஒன்று கைமா அரிசி வாங்கி வந்தோம். தீர்மானத்துக்குப் பிறகு நம் கடைப் பக்கமே வராமல் இருந்த ஒரு பிரியாணிக் கடைக்காரருக்கு, வீட்டுக்கே போய் 5 கிலோ மாதிரி கொடுத்தோம். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரொக்கம் இல்லீங்களே அண்ணே" என்றார், குத்தலாகத்தான். இரண்டு ஞாயிறு கழித்துத் தானே வந்து 20 கிலோ எடுத்துக்கொண்டு போனார். வரும் சனிக்கிழமை பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சங்கத் தீர்மானத்தை மீறிக் கொடுத்திருக்கிறோம். அதை இங்கே எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறோம். தீர்மானத்தைத் திருத்தி ஏழு நாள் கணக்கு அனுமதிக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவுக்கு மனுவும் கொடுத்திருக்கிறோம். நம் வீட்டுக்கு எடுத்த ஒரு கிலோ போக, கடையில் இன்னும் 4 கிலோ இருக்கிறது. மாதிரி பார்க்க விரும்பும் அன்பர்கள் மனு எடுக்கப்படுவதற்கு முன் வந்தால் கிடைக்கும்.